வாளியை உதைத்த கால்

என் பெயர் சம்சாத் பேகம், வயது 38, கணவர் பெயர் மொய்னுதீன். காஞ்சிபுரம் மாவட்டம், செங்கல்பட்டு வட்டம், கோவளம் கிராமம், பள்ளிவாசல் பின் தெருவில் சொந்த வீட்டில் குடியிருந்து வருகிறேன். எட்டாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன், தமிழ் எழுதப் படிக்கத் தெரியும். இன்று 14.03.2002 வியாழக்கிழமை காலை நானாகவே காவல் நிலையம் வந்து, பெண் தலைமைக் காவலர் சம்பூர்ணம் அவர்களிடம் இதைச் சொல்கிறேன். என்னை யாரும் அழைத்து வரவில்லை, யாரும் மிரட்டவில்லை. எங்கள் ஊர்க் குப்பத்தைச் சேர்ந்த பொன்னி என்பவரை, என் கணவரின் தம்பி முபஷ்ஷிர் கொடுத்த புகாரின் பேரில் நேற்று விசாரித்து அனுப்பி, இன்று காலை மறுபடி வரவழைத்து வெளியே பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறார்கள். அது சம்பந்தமாக வந்தேன். பொன்னி எனக்கு உறவு இல்லை, சிநேகிதியும் இல்லை. அவளை எனக்குப் பிடிக்காது. அதையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன். அது வழக்குக்குத் தேவையில்லை என்று தலைமைக் காவலர் சொன்னார். தேவை என்று நான் சொன்னேன், எழுதிக்கொண்டார்.

புகாரில் இரண்டு விஷயம் இருப்பதாக முபஷ்ஷிர் என்னிடம் சொல்லியிருக்கிறார். ஒன்று, எங்கள் வீட்டின் பின்புறம் ஈயம் உருக்கிக்கொண்டிருந்தபோது பொன்னி வேண்டுமென்றே ஈரமான ஈயத்தைச் சட்டியில் போட்டு வெடிக்க வைத்து, என் கணவரின் முகத்தையும் கண்ணையும் சுட்டுவிட்டாள் என்பது. இரண்டாவது, அண்ணனைக் காப்பாற்ற முபஷ்ஷிர் தண்ணீர் வாளியோடு ஓடி வந்தபோது, பொன்னி அந்த வாளியை எட்டி உதைத்து அவரைக் கீழே தள்ளி மணிக்கட்டை உடைத்துவிட்டாள் என்பது. இந்த இரண்டும் சேர்ந்தால் பொன்னி ஜெயிலுக்குப் போவது நிச்சயம் என்று முபஷ்ஷிர் சொன்னார். போகட்டும் என்றுதான் அதைக் கேட்டபோது இருந்தேன். பிறகு ஏன் வந்தேன் என்பதை முதலில் இருந்து சொன்னால்தான் விளங்கும்.

என் கணவர் கோவளம் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் வலை, கயிறு, தூண்டில் முள் விற்கும் கடை வைத்திருக்கிறார். இப்போது கடையில் பெரும்பாலும் முபஷ்ஷிர்தான் உட்காருகிறார். அவர் எங்கள் வீட்டிலேயே முன் அறையில் இருக்கிறார், இன்னும் திருமணம் ஆகவில்லை. வலையின் அடிக் கயிற்றில் கோக்கும் ஈயக் குண்டுகளை என் கணவர் வெளியில் வாங்குவதில்லை. கிழிந்த வலைகளில் இருந்து கழற்றிய பழைய குண்டுகளையும், கார் சக்கரத்தில் எடைக்கு அடிக்கும் துண்டுகளையும் சேர்த்து, எங்கள் வீட்டின் பின்புறம் மணலில் அடுப்பு வைத்து, தாமே உருக்கி, இரும்பு அச்சில் ஊற்றி வார்த்துக்கொள்வார்.

எனக்குத் திருமணமான புதிதில் அவர் ஈயம் உருக்கும்போது அருகில் போய் நின்றேன். தள்ளிப் போ என்றார். அப்போது நான் கர்ப்பமாக இருந்தேன், ஈயப் புகை வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு ஆகாது என்றார். அது நியாயம்தான், நானும் தள்ளிப் போனேன். அந்தப் பிள்ளை ஜன்னா இப்போது கேளம்பாக்கத்தில் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். பிள்ளை பிறந்து, பால் மறந்து, பள்ளிக்கூடம் போய், ஆளாகியும் விட்டாள். தள்ளிப் போ என்பது மட்டும் மாறவில்லை. இடையில் ஒரு முறை, நானும் கற்றுக்கொள்கிறேனே, அச்சையாவது பிடிக்கிறேனே என்று கேட்டேன். "ஒனக்கு இன்னாத்துக்கு அதெல்லாம்?" என்றார். அதோடு விட்டுவிட்டேன்.

என் கணவர் கெட்டவர் இல்லை. குடிப்பதில்லை, அடித்ததில்லை, ஐந்து வேளை தொழுகிறவர். ஆனால் பேச மாட்டார். காலையில் நாஸ்தா ஆச்சா என்பார், ராத்திரி கதவைச் சாத்தினியா என்பார், நடுவில் ஒன்றும் இருக்காது. அவர் சுபாவமே அதுதான் என்று நானும் என்னைச் சமாதானப்படுத்தி வைத்திருந்தேன். பொன்னி வந்த பிறகுதான் அது சுபாவம் இல்லை என்று தெரிந்தது.

பொன்னியின் கணவர் துரை போன வருடம் கடலுக்குப் போய் திரும்பி வரவில்லை. அதன் பிறகு பொன்னி எங்கள் கடைக்கு வந்து, ஈயக் குண்டு வார்க்கக் கற்றுக் கொடுத்தால் குப்பத்து வலைகளுக்குத் தானே வார்த்துக் கொடுத்துப் பிழைத்துக்கொள்வேன் என்று என் கணவரிடம் கேட்டாள். முபஷ்ஷிருக்கு அது பிடிக்கவில்லை. குப்பத்துக்காரர்கள் எல்லாம் நம்மிடம் வாங்குகிறவர்கள், நம் வியாபாரத்தை நாமே தூக்கிக் கொடுப்பதா என்று கடையில் வைத்தே சத்தம் போட்டார். என் கணவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. துரை நம் கடையில்தான் கடைசியாக வலை வாங்கினான், அவன் பெண்டாட்டிக்கு இதுகூடச் செய்யாமல் இருக்க முடியாது என்று சொல்லி, வீட்டுக்கு வரச் சொல்லிவிட்டார். இதில் எனக்கு அன்றைக்கு ஒரு வருத்தமும் இல்லை. நானே அவளுக்கு டீ போட்டுக் கொடுத்தேன்.

அதன் பிறகு வாரத்தில் இரண்டு மூன்று நாள் பொன்னி வருவாள். மதியத் தொழுகை முடித்து, சாப்பிட்டுவிட்டு, என் கணவர் பின்புறம் போவார். எங்கள் அடுப்படி ஜன்னல் அந்தப் பக்கம் பார்த்தது. முதல் நாள் நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன், வெளியில் யாரோ பேசிக்கொண்டே இருப்பது கேட்டது, யார் விருந்தாளி என்று எட்டிப் பார்த்தேன். என் கணவர்தான் பேசிக்கொண்டிருந்தார். "பொன்னி, மொதல்ல காத்து எங்கிருந்து வருதுன்னு பாரு. காத்து நம்ம முதுவுல படணும். பொகை மூஞ்சிக்கு வந்துச்சுன்னா எம்மாம் வேல இருந்தாலும் நிறுத்திடு" என்று ஒரு மணி நேரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். என்னை அவர் இந்தா என்று கூப்பிடுவார். அவளை வாய் நிறையப் பொன்னி, பொன்னி என்று கூப்பிட்டார்.

அன்று முதல் நான் வெங்காயம் உரிப்பது, பூண்டு உரிப்பது எல்லாவற்றையும் அந்த நேரத்துக்கு வைத்துக்கொண்டு ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்தேன். கண்ணில் தண்ணீர் வந்தாலும் வெங்காயம் என்று இருக்கும். அவர் சொன்னது ஒன்று விடாமல் கேட்டேன். அடுப்பை மணலில்தான் வைக்க வேண்டும், சிமெண்ட் தரையில் ஒரு சொட்டு விழுந்தாலும் தரைக்குள் இருக்கும் ஈரம் அதைத் திருப்பி முகத்தில் அடிக்கும் என்றார். உருக்குகிற சட்டியை எந்தக் காலத்திலும் சமையலுக்கு எடுக்கக் கூடாது என்றார். பேட்டரித் தகடு யார் சும்மா கொடுத்தாலும் வாங்காதே, அதில் இருக்கிற விஷம் வீட்டையே கெடுத்துவிடும் என்றார். அடுப்பு எரியும்போது பக்கத்தில் டீ கூடக் குடிக்கக் கூடாது, வேலை முடிந்ததும் சோப்பு போட்டுக் கைகழுவி, உடுப்பை மாற்றிய பிறகுதான் பிள்ளைகளைத் தொட வேண்டும் என்றார். நான் போட்ட டீ அதனால்தான் தினமும் ஆறிப் போய்த் திரும்பி வந்தது என்பதும் அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அதை என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

முக்கியமாக ஈரத்தைப் பற்றி அவர் பல நாள் சொன்னார். பழைய வலைக் குண்டுகளில் துளை இருக்கும், வெளியே காய்ந்த மாதிரி இருந்தாலும் துளைக்குள் கடல் தண்ணீர் நிற்கும், அவற்றைத் தகரத்தில் பரப்பி நன்றாக வெயிலில் காய வைத்த பிறகுதான் தொட வேண்டும் என்றார். காய்ந்ததைக்கூட அப்படியே போடாமல், சட்டியின் விளிம்பில் சாய்த்து வைத்து, நன்றாகச் சூடான பிறகு உள்ளே தள்ள வேண்டும், அச்சையும் கரண்டியையும் முதலில் அனலில் காட்ட வேண்டும் என்றார். "உருகுன ஈயத்துக்கும் தண்ணிக்கும் ஆவவே ஆவாது. ஈயத்துக்கு அடியில கொஞ்சூண்டு தண்ணி பூந்துச்சுன்னா அது ஆவியாயி சட்டியவே தூக்கி அடிச்சிரும். தீ புடிச்சிக்கிச்சுன்னா கூட தண்ணி ஊத்தாத பொன்னி, மண்ண வாரிப் போடு" என்றார். இதை அவர் அவளுக்குத்தான் சொன்னார். ஆனால் எனக்கும் காது இருக்கிறது.

அவரிடம் இருந்த தோல் கையுறையை அவளுக்குக் கொடுத்தார். தன்னுடைய பழைய முழுக்கைச் சட்டையை அவள் சேலைக்கு மேல் போட்டுக்கொள்ளக் கொடுத்தார். அந்தச் சட்டையில் ஈயத் தூசி இருக்கும், மற்ற துணியோடு சேர்க்காமல் தனியாகத் துவைத்து வை என்று என்னிடம் சொன்னார். நான் தனியாகத் துவைத்தேன், தனியாகக் காயப் போட்டேன், அவள் வந்து போட்டுக்கொண்டாள். கண்ணுக்குப் போடும் கண்ணாடி ஒன்றுதான் இருந்தது, அதையும் அவள் கண்ணுக்குக் கொடுத்துவிட்டு அவர் வெறும் கண்ணோடு நின்றார். அவள் அச்சைச் சூடாக்க மறந்தால்கூட, "பரவால்ல, இன்னொரு தபா பண்ணு" என்பார். என் குழம்பில் உப்பு குறைந்தால் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போகிறவர் அவர். அவள் தப்புச் செய்யும்போதெல்லாம் ஜன்னலுக்குக் கீழே எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நானாக இருந்தால் மறந்திருக்க மாட்டேன் என்று நினைத்துக்கொள்வேன்.

அவர்கள் இருவருக்கும் தவறான தொடர்பு ஏதாவது இருந்ததா என்று தலைமைக் காவலர் கேட்டார். இல்லை. நான் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்தேன், விரல்கூடப் படவில்லை. அப்படி ஏதாவது இருந்திருந்தால் ஊரைக் கூட்டி நியாயம் கேட்டிருப்பேன், ஜமாத்தில் சொல்லியிருப்பேன். என் புருஷன் இன்னொருத்திக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறார், என்னிடம் சொல்லவில்லை என்று யாரிடம் போய்ச் சொல்வது? கேட்டவர்கள் சிரிப்பார்கள். தலைமைக் காவலர் சிரிக்கவில்லை என்பதையும் சொல்லிக்கொள்கிறேன்.

சம்பவம் நடந்தது 12.03.2002 செவ்வாய்க்கிழமை மாலை. என் கணவருக்கு ஒரு வழக்கம் உண்டு. மாலைத் தொழுகைக்கு, அதாவது அஸருக்கு, பாங்கு சொல்வதற்கு முன்பே அடுப்பை அணைத்து, கைகழுவி, சட்டை மாற்றிவிடுவார். அதன் பிறகுதான் குழாயடிக்குப் போய் ஒளு செய்வார், அதாவது தொழுகைக்காகக் கை, வாய், முகம், கால் கழுவிக்கொள்வார். அந்த வரிசை எங்கள் வீட்டில் மாறி நான் பார்த்ததில்லை. அன்றைக்குப் பொன்னிக்குக் குப்பத்தில் ஒருவர் புது வலைக்குக் குண்டு கேட்டிருந்தார். அவள் பெயருக்கு வந்த முதல் வேலை அது, அன்றே முடித்துக் கொடுக்க வேண்டும் என்று அவள் சொன்னாள். அதனால் பாங்கு சொல்லியும் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. என் கணவர் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஒளு செய்யப் போனார்.

அவர் ஒளு செய்து முடித்து, தொப்பியை எடுத்துக்கொண்டு பள்ளிவாசலுக்குக் கிளம்பும்போது, இன்னும் ஒரு அச்சுக்கு மட்டும் ஈயம் குறைகிறது என்று பொன்னி சொன்னாள். தொழுதுவிட்டு வந்து போடுகிறேன் என்றார். அதற்கு அவள், "அஞ்சு நிமிசம் லேட்டா போனா பள்ளிவாசல் கதவ சாத்திக்கிருவாங்களா பாய்?" என்று கேட்டாள். அதற்கு என் கணவர் சிரித்தார். வாய் திறந்து, பல் தெரியச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்து வெகு நாளாகிறது. சிரித்துக்கொண்டே, முழங்கையில் இருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, திரும்பி வந்து, கோணியில் கைவிட்டு இரண்டு கை ஈயக் குண்டை வாரி, நேராகச் சட்டியில் போட்டார். தகரத்தில் காய்ந்துகொண்டிருந்ததை அவர் எடுக்கவில்லை. அன்று காலைதான் ஒரு பழைய வலையில் இருந்து அறுத்து வந்த ஈரக் குண்டுகளை எடுத்தார். விளிம்பில் வைக்கவும் இல்லை. எனவே ஈர ஈயத்தைப் போட்டது பொன்னி அல்ல, என் கணவர். அவள் அப்போது அச்சைப் பிடித்துக்கொண்டு இந்தப் பக்கம் நின்றாள். நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். அவர் சிரிப்பதையே பார்த்துக்கொண்டிருந்ததால் கை எங்கே போகிறது என்பதைப் பிந்திப் பார்த்தேன். ஐயோ ஈரம் என்று கத்த வாயெடுத்தேன், அதற்குள் வெடித்துவிட்டது.

பட்டாசு மாதிரி பெரிய சத்தம் இல்லை, தொப்பென்று ஒரு சத்தம். ஈயம் மேலே எழும்பி நாலா பக்கமும் தெறித்தது. என் கணவர் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார். பொன்னி கண்ணாடியும் கையுறையும் சட்டையும் போட்டிருந்ததால் அவளுக்குக் கழுத்தில் மட்டும் இரண்டு மூன்று இடத்தில் பட்டது. தெறித்தது ஓலை வேலியில் விழுந்து வேலி புகைந்து பற்றிக்கொண்டது. பொன்னி என் கணவரைத் தோளைப் பிடித்து அடுப்பில் இருந்து பின்னால் இழுத்தாள். நான் அடுப்படிக் கதவைத் திறந்து ஓடினேன். சட்டி கவிழவில்லை, பாதி ஈயம் இன்னும் அதில் உருகியபடியே அடுப்பின் மேல் இருந்தது.

அப்போது முன் அறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த முபஷ்ஷிர் சத்தம் கேட்டு எழுந்து வந்து, குழாயடியில் நிரம்பியிருந்த இரும்பு வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். அவர் நல்லெண்ணத்தில்தான் வந்தார், அதை நான் மறுக்கவில்லை. நெருப்பைக் கண்டால் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும். புகையில் அவர் கண்ணை இடுக்கிக்கொண்டு, அடுப்புக்கு நேராக வந்து, சட்டியில் ஊற்ற வாளியைத் தூக்கினார். ஊத்தாதே, ஊத்தாதே என்று நான் கத்தினேன், அவர் காதில் ஏறவில்லை. இரண்டு கை ஈரக் குண்டுக்கே அந்தப் பாடு. ஒரு வாளித் தண்ணீர் அந்தச் சட்டிக்குள் போயிருந்தால் முபஷ்ஷிர், என் கணவர், பொன்னி, நான் நாலு பேரும் அங்கேயே போயிருப்போம். பேசி நிறுத்த நேரம் இல்லை. எட்டி உதைத்தேன்.

வாளியை உதைத்தது நான். பொன்னி அல்ல. பொன்னி அப்போது என் கணவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள், வாளிக்கும் அவளுக்கும் நாலு முழம் தூரம். என் வலது காலால் உதைத்தேன், இரும்பு வாளி என்பதால் கட்டை விரல் நகம் பெயர்ந்து வீங்கியிருக்கிறது. துணிக்கட்டை அவிழ்த்துத் தலைமைக் காவலரிடம் காட்டினேன், அவர் பார்த்தார். வாளி உருண்டு தண்ணீர் வேலிப் பக்கம் போனது. முபஷ்ஷிர் தடுமாறி, அடுப்புக்காக அடுக்கி வைத்திருந்த செங்கல் மேல் கையை ஊன்றிக் குப்புற விழுந்தார், மணிக்கட்டு அப்படித்தான் உடைந்தது. அதன் பிறகு நான் மண்ணை அள்ளி வேலியில் போட ஆரம்பித்தேன். பொன்னி வந்து, உருண்ட வாளியை எடுத்து அடுப்பில் இருந்து தள்ளி வைத்தாள். முபஷ்ஷிர் தலையைத் தூக்கிப் பார்த்தது அந்த நேரத்தில். வாளி அவள் கையில் இருந்தது. அண்ணி உதைத்திருப்பாள் என்று அவருக்குக் கனவில்கூடத் தோன்றாது.

அதன் பிறகு நானும் பொன்னியும் என் கணவரைக் குழாயடிக்கு நடத்திப் போய், வெகு நேரம் முகத்தில் தண்ணீர் ஓட விட்டோம். அப்போது பொன்னி, "அக்கா, நீங்க மட்டும் ஒதைக்கலன்னா இன்னிக்கி நம்ம எல்லாரும் காலி" என்றாள். என் கணவர் வலியில் முனகிக்கொண்டிருந்ததால் அது அவர் காதில் விழவில்லை. அதன் பிறகு ஆட்டோ வைத்துக் கேளம்பாக்கம் கொண்டுபோய், அங்கிருந்து செங்கல்பட்டு அரசு மருத்துவமனையில் சேர்த்தோம். இரண்டு கண்ணுக்கும் கட்டு போட்டிருக்கிறார்கள். ஒரு கண் பிழைத்துவிடும், இன்னொன்று கட்டை அவிழ்த்த பிறகுதான் தெரியும் என்று டாக்டர் சொன்னார்.

நேற்று மாலை முபஷ்ஷிர் கையில் மாவுக்கட்டோடு மருத்துவமனைக்கு வந்து, பொன்னி மேல் புகார் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். போலீஸ் கேட்டதற்கு அவளே, ஆமாம், வாளியை உதைத்தது நான்தான் என்று ஒத்துக்கொண்டாள் என்றும் சொன்னார். எனக்குத் தூக்கி வாரிப் போட்டது. நான் அப்போது என் கணவருக்கு ஸ்பூனில் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். பொன்னி ஜெயிலுக்குப் போனால் வாரத்துக்கு மூன்று நாள் ஜன்னலுக்குக் கீழே உட்கார வேண்டாம் என்று ஒரு நினைப்பு வந்தது. வந்ததை மறைக்கவில்லை. வாயைத் திறக்காமல் அடுத்த ஸ்பூன் எடுத்தேன்.

ஆனால் என் கணவர் கஞ்சியைத் தள்ளிவிட்டு எழுந்து உட்காரப் பார்த்தார். வெந்த உதட்டோடு சிரித்தார். "ஒதைச்சாளா? பொன்னியா? அட்றா சக்க! நா சொல்லிக் குடுத்தது வீண் போவலடா. அவ இல்லன்னா நம்ம எல்லாரும் மையத்தா, பொணமா போயிருப்போம். அவ மேலயா கம்ப்ளெயிண்ட் குடுத்துகினு வந்திருக்க? போய் வாபஸ் வாங்கு" என்றார். ஊசி போட்ட மயக்கத்தில் உளறுகிறார் என்று சொல்லி முபஷ்ஷிர் கோபமாகப் போய்விட்டார். அவர் போன பிறகும் என் கணவர் நிறுத்தவில்லை. பொன்னிக்கு எவ்வளவு புத்தி, ஒரு தடவை சொன்னால் எப்படிப் பிடித்துக்கொள்கிறாள், அந்த நேரத்தில் ஆம்பிளைக்கே கை கால் ஓடாதே என்று சொல்லிக்கொண்டே இருந்தார். என்னிடம் இவ்வளவு வார்த்தை அவர் ஒரே மூச்சில் பேசியது அதுதான் முதல் தடவை. அத்தனையும் அவளைப் பற்றி.

நான் பொறுத்துப் பார்த்தேன். பிறகு, வாளியை ஒதைச்சது பொன்னி இல்ல, நான் என்று சொன்னேன். அவர் கட்டுப் போட்ட முகத்தை என் பக்கம் திருப்பி, "இந்தா, சும்மா கெட. ஈயத்த பத்தி ஒனக்கு இன்னா தெரியும்?" என்றார். அதன் பிறகு தூங்கிவிட்டார்.

ராத்திரி முழுக்க நான் அவர் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். காலையில் ஜன்னாவை அவர் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு, பஸ் ஏறி நேராக இங்கே வந்தேன். வாசல் பெஞ்சில் பொன்னி இருந்தாள். ஏன் நீ செய்யாததைச் செய்ததாகச் சொன்னாய் என்று கேட்டேன். "உங்க கொழுந்தனாரு அக்கா. நாளைக்கி ஒரே வூட்டுக்குள்ள நீங்க அவரு மூஞ்சில முழிக்கணும். எனக்கு இன்னா கீது, நான் சமாளிச்சிக்கிறேன்" என்றாள். எனக்குத் தயவு காட்டுகிறாளாம். என் கணவரின் பேச்சு அவளுக்கு, சிரிப்பு அவளுக்கு, கையுறை, கண்ணாடி எல்லாம் அவளுக்கு. நான் என் நகம் பெயர உதைத்த ஒரு உதை, அதுவும் அவள் கணக்கில் போக வேண்டுமா? கொடுக்க மாட்டேன். அவள் நல்லவள் என்று எனக்குத் தெரிகிறது, அதுதான் இன்னும் பொறுக்கவில்லை.

இதைச் சொல்வதால் கொழுந்தனாருக்குக் காயம் உண்டாக்கியதாக உங்கள் மேல் நடவடிக்கை வரலாம் என்று தலைமைக் காவலர் எடுத்துச் சொன்னார். வந்தால் வரட்டும். முபஷ்ஷிர் உயிரோடு இருந்து புகார் கொடுப்பதே என் உதையால்தான் என்று நான் கோர்ட்டிலும் சொல்வேன். பொன்னியை வீட்டுக்கு அனுப்பிவிடலாம். அவள் கழுத்தில் பட்ட காயத்துக்கு யாரும் இன்னும் மருந்து போடவில்லை, அதையும் பார்க்கச் சொன்னேன்.

நான் சொல்லச் சொல்ல எழுதி, முழுவதையும் எனக்கு நிதானமாக வாசித்துக் காட்டினார்கள். கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை, எல்லாம் என் கண்ணால் கண்டதும் என் காலால் செய்ததும்தான். ஒரே ஒரு கோரிக்கை. இதே தாளை, அரசாங்க முத்திரையோடு, காக்கி உடுப்பில் ஒருவர் செங்கல்பட்டுக்கு எடுத்துப் போய், என் கணவர் மொய்னுதீனுக்கு ஒரு முறை வாசித்துக் காட்ட வேண்டும். நான் சொன்னால் அவர் நம்ப மாட்டார். வாசித்து முடித்த பிறகு, ஈயத்தைப் பற்றி அவர் என்ன கேட்க வேண்டுமானாலும் என்னைக் கேட்கட்டும். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பேன்.

(ஒப்பம்)
மொ. சம்சாத் பேகம்

என் முன்னிலையில் சொல்லப்பட்டு, என்னால் எழுதப்பட்டது.
சம்பூர்ணம், பெண் தலைமைக் காவலர்